தவக்காலக் கேள்விகள்: ஒருசந்தி, காபி, ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து 40 நாளும் சாயங்காலம் வரை வெறும் தண்ணீரோடு ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டுவிட்டார். "திருச்சபைக் கட்டளை, மீறினால் பாவம்" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா மீறுவதற்கு அப்படியொரு கட்டளையே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருசந்தி, அதாவது நோன்பு, கட்டாயமான நாள்கள் இரண்டுதான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 வயது நிரம்பும் வரை. அம்மா அந்த வயதைத் தாண்டி 5 வருடமாகிறது. கடமை உள்ளவர்களும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் கொஞ்சம்போல ஏதாவது சாப்பிடலாம். சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, வேறு கணக்கு. அது 14 வயதில் தொடங்குகிறது; முடியும் வயது கிடையாது. மீன், முட்டை, பாலுக்கு அதில் தடையில்லை. சர்க்கரைக்காரர் தாராளமாக அதைக் கடைப்பிடிக்கலாம்.

நேர்த்திக்கும் வழி உண்டு. தனிப்பட்ட வேண்டுதலிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் இருக்கிறது. நேர்ந்ததற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒன்றாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. வாயால் நேர்ந்ததை மகள் சொல்லி விடமாட்டார். பங்குச் சாமியார் சொன்னால் மனம் ஆறும். ஞாயிறு பூசை முடிந்து கையோடு அழைத்துப் போங்கள்.

இனி மாத்திரை. எது என்று அட்டையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. மாத்திரையை அவராக நிறுத்துவது இன்னொரு தவறு. ஒரு வேளை உணவைக் குறைப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாட்டில்தான் வெளிப்படும். 14 நிலைக்கும் முழந்தாளிட்டு எழ வேண்டும். பாதி நிலை தாண்டும்போது கை நடுங்கும், நெற்றி வேர்க்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் களைப்பு என்றோ, பக்தியில் உருகுகிறார் என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். அந்த நேரம் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட், பால்கோவா வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நற்கருணை வாங்குவதற்கு 1 மணி நேரம் முன் உண்ணாதிருப்பதுகூட முதியோரையும் நோயாளிகளையும் கட்டுப்படுத்தாது.

"முன்னோர் இருந்தார்களே" என்பாராக இருந்தால், எகிப்துப் பாலைவனத் துறவியர் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். அவர்களில் அப்பா போய்மென் ("அப்பா" என்பது துறவியருக்கான மரியாதைப் பட்டம்) என்பவர் இளமையில் மூன்று நாள், நான்கு நாள், ஒரு வாரம்கூட உண்ணாமல் இருந்து பார்த்தவர். தினமும் சாப்பிட்டு, கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதே மேல் என்றுதான் பின்னாளில் சொன்னார். நாற்பது நாள் தாக்குப்பிடிக்கிற ஒறுத்தல் அதுதான்.

கேள்வி: போன வருடம் காபியை விட்டேன். இரண்டாம் நாளே மண்டை பிளந்தது, மூன்றாம் நாள் குடித்துவிட்டேன். மனவலிமை போதவில்லையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: மனவலிமையைக் குறை சொல்லாதீர்கள், அது காஃபீன் செய்த வேலை. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் நிற்கும். ஆகவே சாம்பல் புதனன்று ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தினம் 4 டம்ளர் என்றால் 3, நான்கு நாள் கழித்து 2, பிறகு அரை டம்ளர் என்று இறங்குங்கள். டீக்கு மாறுவது தீர்வாகாது, அதிலும் காஃபீன்தான். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதும் வேண்டாம்; நோன்பிருக்கையில் தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவச் சொன்னவர் இயேசு. இடையில் ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பு ஒறுத்தல் தேவையில்லை. மிச்சமாகும் காசை அன்றன்றே உண்டியலில் போடுங்கள். டம்ளர் 15 ரூபாய் என்று வைத்தால், தினம் இரண்டை வெளியில் குடிப்பவருக்கு 40 நாளில் 1,200 ரூபாய் சேரும். கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று வைத்தால் அது பெட்ரோலுக்குப் போய்விடும்.

கேள்வி: தவக்கால ஞாயிறுகளில் ஒருசந்தி உண்டா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது. விட்ட காபியை அன்று மட்டும் குடிக்கலாமா என்றால் தடையில்லை. ஆனால் திங்கட்கிழமை தலைவலி திரும்ப வந்து நிற்கும்.