பாண்டன் டியூன்ஸ்: ஆளுக்கொன்று சொல்கிறார்களே!

கேள்வி: எனக்கு 63 வயது. ஊட்டியில் முப்பது வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். போர்ட்லண்டில் இருக்கும் மகன், அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் உள்ள பாண்டன் டியூன்ஸ் என்ற கோல்ஃப் விடுதிக்கு என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்கிறான். போய் வந்தவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் "பசிபிக் டியூன்ஸ் மைதானம் ஒன்று போதும்" என்கிறார். இன்னொருவர் "காட்டுக்குள் இருக்கும் டிரெய்ல்ஸ்தான் உசத்தி" என்கிறார். மூன்றாமவர் "அவ்வளவு காசு கொடுத்து மழையில் நனைந்ததுதான் மிச்சம்" என்கிறார். மைதானத்தில் ஏறிப் போக வண்டியும் கிடையாதாமே, என் முழங்கால் தாங்குமா?
– வாசகர், ஊட்டி

பதில்: மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாதம் போனீர்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா? அங்கே பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

நான் முதலில் போனது ஒரு பிப்ரவரியில். குளிர்காலத்தில் கட்டணம் நன்றாகக் குறையும், அதனால்தான் போனேன். பசிபிக் டியூன்ஸில் 4-வது ஹோல் (பந்தைக் குழி வரை அடித்துப் போகும் நான்காவது பகுதி) கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போகிறது. குளிர்காலக் காற்று தெற்கிலிருந்துதான் வரும், மழையையும் சேர்த்துக்கொண்டு. மூன்று நல்ல அடி அடித்தும் குழி இருக்கும் கிரீனை எட்ட முடியவில்லை. ஊருக்குத் திரும்பி, "வீண் பெருமை, போகாதீர்கள்" என்று இரண்டு நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். மூன்று வருடம் கழித்து ஒரு ஜூலையில் மறுபடி போனேன். கோடைக் காற்று வடக்கிலிருந்து வருகிறது. அதே 4-வது ஹோலில் இரண்டாவது அடியிலேயே பந்து கிரீனுக்கு உருண்டு போய்ச் சேர்ந்தது. ஆனால் கடலோரமாக வடக்கே போகும் 13-வது ஹோல் அன்றைக்கு என்னைப் படாத பாடு படுத்தியது. அந்த நண்பர்களைத் தேடிப்பிடித்து, முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னேன். ஒரே ஒரு முறை போய் வந்தவரின் தீர்ப்பை நான் முழுதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். முடிந்தால் செப்டம்பரில் போங்கள். காற்றும் தணிந்திருக்கும், மழையும் பிடித்திருக்காது.

இப்போது முழங்கால். இது நடந்தே ஆட வேண்டிய இடம். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும், முன்கூட்டியே பேசி வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். மற்றவர்களுக்குப் பையை வைத்துத் தள்ளும் தள்ளுவண்டி உண்டு, பை சுமந்து கூடவே வரும் உதவியாளரான கேடி உண்டு. ஒரு சுற்றுக்குப் பத்து கிலோமீட்டர் பக்கம் நடக்க வேண்டியிருக்கும். கேடியை அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கான பணம் மைதானக் கட்டணத்தில் சேராது, கையில் கொடுக்க வேண்டும், செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். பை சுமக்கிறார் என்பதை விட, காற்றுக்கு எந்தக் கிளப் (மட்டை) என்று சொல்கிறாரே, அதற்குத்தான் அந்தப் பணம். ஏழாயிரம் அடிக்கு மேலான உயரத்தில், லேசான காற்றில் ஆடிப் பழகியவர் நீங்கள். ஊட்டியில் 150 கெஜம் போகும் அடி கடல் மட்டத்தில் 135 போனாலே அதிகம்.

பதினெட்டு ஹோல் மைதானங்கள் அங்கே ஐந்து. 1999-இல் திறந்த, விடுதியின் பெயரையே கொண்ட பாண்டன் டியூன்ஸ், 2001-இல் பசிபிக் டியூன்ஸ், 2005-இல் டிரெய்ல்ஸ், 2010-இல் ஓல்ட் மெக்டொனால்ட், 2020-இல் ஷீப் ராஞ்ச். உங்கள் இடத்தில் நானிருந்தால் முதல் நாள் ஓல்ட் மெக்டொனால்டில்தான் தொடங்குவேன். அகலமான மைதானம், பிரம்மாண்டமான கிரீன்கள், பந்து தொலைவது குறைவு. ஃபெஸ்க்யூ புல்லில் பந்து நன்றாக உருளும் என்பதால், கிரீனுக்கு முப்பது கெஜம் வெளியே நின்றுகொண்டே பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் தட்டலாம். அதற்குக் கை பழகிவிட்டால் மறுநாள் பசிபிக் டியூன்ஸ் பயமுறுத்தாது. டிரெய்ல்ஸ் அருமைதான். மணல்மேட்டில் தொடங்கிக் காட்டுக்குள் நுழைந்து திரும்பும் அந்த நடையை நான் மறக்கவில்லை. ஆனால் ஐந்திலும் அதிகம் ஏறி இறங்க வேண்டியது அதுதான். 13-வது ஹோல் முடிந்ததும் மேட்டில் ஏற வேனே விட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைசி நாளில் முடிவு செய்யுங்கள். ஷீப் ராஞ்சில் பங்கர் எனும் மணல் குழி ஒன்றுகூட இல்லை, ஒன்பது கிரீன்கள் கடல் விளிம்பிலேயே இருக்கின்றன. காற்றுக்கு ஒதுங்க இடமில்லை என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: கணவர் ஆடுவார், எனக்கு ஆடத் தெரியாது. இது யார் வேண்டுமானாலும் போகக்கூடிய இடமா? மூன்று நாள் நான் அங்கே என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உறுப்பினர் சீட்டெல்லாம் வேண்டாம், பணம் கட்டும் யாரும் ஆடலாம். ஆனால் ஆடுகிறவர்களை நினைத்தே கட்டிய இடம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு பாண்டன் ஊருக்குப் போங்கள். முகம் போலவே இருக்கும் ஃபேஸ் ராக் பாறை, 1896-இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கம், கிரான்பெரித் தோட்டங்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. மாலையில் பஞ்ச்பௌலுக்கு வாருங்கள். அது பட்டரால் மட்டும் ஆடும் பெரிய புல்வெளி. என் மனைவி வாழ்க்கையில் முதல் முறையாகப் பட்டரைப் பிடித்தது அங்கேதான், இருட்டும் வரை விடவில்லை.

கேள்வி: பாண்டன் படங்களில் மைதான ஓரமெல்லாம் மஞ்சள் பூப் புதர். எங்கள் மலையில் இருப்பது போலவே தெரிகிறதே?
– வாசகர், குன்னூர்

பதில்: அதேதான்! கார்ஸ் என்னும் முள்புதர். நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது போல, பாண்டனுக்கு அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் பென்னட் கொண்டுவந்தார். ஊருக்குத் தன் சொந்த ஊரின் பெயரையே வைத்தவர் அவர். இந்தச் செடியில் எண்ணெய் அதிகம், பச்சையாகவே பற்றிக்கொள்ளும். 1936 செப்டம்பர் 26 அன்று காட்டுத்தீ இந்தப் புதர்களுக்குத் தாவி, ஏறக்குறைய ஊர் முழுவதும் எரிந்தது. வாழ்த்து அட்டை வியாபாரம் செய்த சிகாகோவின் மைக் கைசர், இந்த விடுதியை உருவாக்கியவர், பிறகு இங்கே நிலம் வாங்கியபோதும் எங்கும் இதே புதர்தான். வெட்டியும் எரித்தும்தான் மைதானம் போட்டார்கள், இன்னும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நீலகிரியில் இதோடு போராடுபவர்களுக்கு அந்தப் பாடு புரியும். பந்து உள்ளே போனால் கையை விட்டுத் தேடாதீர்கள், முள் கையுறையைத் தாண்டியும் குத்தும்.