கவுன்சில் தரும் 22 பவுண்டு கட்டுப்படியாகுமா?

கேள்வி: இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் முதியோருக்கு வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறோம். 2025-26-க்குக் கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) மணிக்கு 22 பவுண்டு தருகிறது. "சம்பள உயர்வுக்கு ஏற்றபடி கூட்டிவிட்டோம்" என்கிறார்கள். கூடுதலாக எப்படிக் கேட்பது?

பதில்: பல கவுன்சில்கள் கட்டணத்தைச் சம்பளப் பகுதி, மற்ற செலவு என்று பிரித்து, முதலாவதைக் குறைந்தபட்ச ஊதிய உயர்வின்படியும் இரண்டாவதை விலைவாசி உயர்வின்படியும் கூட்டுகின்றன. பார்க்க நியாயமாக இருக்கும். 2025 ஏப்ரலில் இந்தச் சூத்திரம் காலை வாரியது. ஊதியம் 11.44-லிருந்து 12.21 பவுண்டுக்குப் போனது, அது 6.7%. ஆனால் முதலாளி சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8%-லிருந்து 15% ஆனதோடு, அது தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 9,100-லிருந்து 5,000 பவுண்டுக்கு இறங்கியது. வாரம் 30 மணி நேரச் சம்பளம் வாங்கும் ஒரு கேரருக்கு (பராமரிப்புப் பணியாளருக்கு) நீங்கள் கட்டுவது ஆண்டுக்கு சுமார் 1,207-லிருந்து 2,107 பவுண்டாகிறது. 6.7% உயர்வில் இது அடங்காது.

அரை மணி நேர விசிட் இரண்டு சேர்ந்தால் ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம், ஒன்றரை மைல் பயணம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 12.21. பயண நேரமும் வேலை நேரம்தான், அதற்கு 2.44. விடுமுறைச் சம்பளம் 12.07% வீதம் 1.77. நேஷனல் இன்சூரன்ஸ் சுமார் 1.81, பென்ஷன் 33 பென்ஸ். மைலுக்கு 45 பென்ஸ் கொடுத்தால் 1.35. பயிற்சிக்கும் நோய் விடுப்புக்கும் 80 பென்ஸ் என்றாலும் 20.71 வந்துவிடுகிறது. மீதி 1.29-இல் மேலாளர் சம்பளம், சிக்யூசி (பராமரிப்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) கட்டணம், காப்பீடு, அலுவலக வாடகை, லாபம் எல்லாம் வேண்டும். நடக்காது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன் அதே ஆண்டுக்கு இங்கிலாந்துக்குச் சொன்ன குறைந்தபட்ச விலை 32.14 பவுண்டு. விசிட் 15 நிமிடமானால் பயணச் செலவு இரட்டிப்பாகும். அதனால் உங்கள் விசிட்டுகளின் சராசரி நீளத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

2014 கேர் சட்டத்தின் 5ஆம் பிரிவு கட்டணத்துக்கு ஒரு தொகையைச் சொல்வதில்லை. ஆனால் பராமரிப்புச் சந்தை நிலைத்திருப்பதன் முக்கியத்துவத்தைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும். கட்டணம் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் இடம் தர வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. 2022-இல் எல்லாக் கவுன்சில்களும் உள்ளூர்ப் பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டு, பிறகு அறிக்கையாக வெளியிட்டன. உங்கள் கவுன்சில் இணையதளத்தில் அதைத் தேடி எடுங்கள். அதிலுள்ள இடைநிலைச் செலவே (மீடியன்) கட்டணமாக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. ஆனால் அதற்குப் பின் வந்த ஊதிய உயர்வுகளைச் சேர்த்து, தங்கள் கட்டணம் ஏன் அதைவிடக் குறைவு என்று எழுத்தில் விளக்கச் சொல்லலாம்.

கவுன்சில் வரியை (உள்ளாட்சி வரியை) மார்ச் 11-க்குள் முடிவு செய்தாக வேண்டும். பட்ஜெட் முடிந்தபின் கேட்பது பயன் தராது. இலையுதிர் காலத்திலேயே கணக்கை அனுப்பிவிடுங்கள். 2026 ஏப்ரல் ஊதியமான 12.71-ஐ வைத்து 2026-27 கணக்கையும் இணையுங்கள்.

நீதிமன்றம் கடைசி வழி. செஃப்டன் கவுன்சில் கட்டணத்தை உயர்த்தாமல் விட்டதை 2011-இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. சரியான கலந்தாய்வு நடக்காதது அதில் முக்கியக் காரணம். முடிவு வந்த மூன்று மாதத்துக்குள், தாமதிக்காமல் வழக்குப் போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் நிமிடக் கணக்கில் பணம் தரும் விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 30 நிமிட விசிட்டில் கேரர் 26 நிமிடத்தில் வெளியேறினால் 26-க்குத்தான் பணம் வரும். அப்படியானால் மேலே போட்ட கணக்கில் 22 என்பது 19.07 ஆகிவிடும்.