குரங்கு ஆய்வை விடுங்கள், அம்மாவின் இடது காலைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஆறு வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்று எடுத்த தலை சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது இரண்டு வாரமாக மறதி, பகலெல்லாம் தூக்கம், நடந்தால் இடது கால் இழுக்கிறது. மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். கதிர்வீச்சு பட்ட குரங்குகளுக்கு நினைவாற்றல் குறைந்ததாக இணையத்தில் படித்தேன். முதல் ஸ்கேனால்தான் இந்த மறதி வந்ததா? ஆஸ்பிரினோடு, நினைவாற்றலுக்கு என்று விற்கும் கிங்கோ என்ற மூலிகை மாத்திரையையும் நானே வாங்கிக் கொடுக்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பையும் நிறுத்திவிட்டேன்.

பதில்: இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில் ஒன்று கிழிந்தாலும் போதும், இரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி, மூளையை அழுத்தும். விழுந்த அன்று ஸ்கேன் சரியாக இருந்ததை வைத்து இன்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வெறும் மறதி என்று எழுதியிருந்தால் நிதானமாகப் பேசியிருப்பேன். விழுந்த பிறகு மறதியும் தூக்கமும் புதிதாக வந்து, ஒரு பக்கக் காலும் இழுக்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது. இரத்தக் கசிவுதான் என்று தெரிந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடுவார்கள். அதன்பின் பலர் பழையபடி நடக்கிறார்கள், நினைவும் தெளிகிறது.

சரி, அந்தக் குரங்குகள். திரையில் ஒரு படம் வந்து மறையும். சில விநாடி கழித்து, பல படங்களுக்கு நடுவே அதே படத்தை ரீசஸ் குரங்கு சரியாகக் காட்டினால் பழச்சாறு கிடைக்கும். அப்படிப் பழகிய குரங்குகளின் மூளை முழுவதற்கும், ஒரு தடவைக்கு 5 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வீதம், நான்கு வாரத்தில் 40 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மாதங்கள் போகப் போக அவை தடுமாறின. மூளைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறுபவர்களுக்காகச் செய்த ஆய்வு அது. மிகவும் தேவையான ஆய்வும்கூட. அந்த நோயாளிகளின் மறதியை நினைத்துத்தான் இன்று ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியை முடிந்தவரை விலக்கிக் கதிர் செலுத்துகிறார்கள்.

ஒரு தலை சி.டி. ஸ்கேனில் மூளைக்குப் போவது சுமார் 0.05 கிரே. அந்த 40 கிரேயை எட்ட 800 ஸ்கேன் எடுக்க வேண்டும். முதல் ஸ்கேனுக்குச் சம்மதித்ததற்காக நீங்கள் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம். அம்மாவின் மறதிக்கு அது காரணமே இல்லை.

மைக்ரோவேவ் அடுப்பில் வருவது இந்த வகைக் கதிர்வீச்சே இல்லை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். கிங்கோவை இப்போதே நிறுத்துங்கள், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். யாரைக் கேட்டு அதைக் கொடுத்தீர்கள்? ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்வார். பழைய ஸ்கேன் படத்தையும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள்.