மேலே களவென்றால் கீழேயும் களவா?

வணக்கம் அண்ணை,
சின்னச் சின்ன நேர்மையில்தான் நாட்டின் ஆரோக்கியம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். மேலே கோடி கோடியாக விழுங்குகிறார்கள். நான் மட்டும் முறை பார்த்துத் தண்ணீர் பாய்ச்சினால் நாடு திருந்திவிடுமா?
ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

திருந்தாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது உங்கள் வாய்க்காலில் யாரோ தண்ணீர் களவெடுத்ததால் இல்லை. 2019 கடைசியில் வரிகளைக் குறைத்ததும், 2021இல் திடீரென்று இரசாயன உரத்தை நிறுத்தியதும் மேலே இருந்தவர்கள் பார்த்த வேலை. உரமில்லாமல் நெல் மஞ்சளித்து நின்ற கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கையும் சனத்தின் தலையில் எழுதுகிற ஆட்கள் மீது எனக்கும் எரிச்சல்தான்.

சரி, ஆனால் நீங்கள் மறித்தெடுக்கும் தண்ணீர் அமைச்சருடையது இல்லையே. மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்தில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்து, இவ்வளவு ஏக்கர்தான் என்று கூட்டத்தில் முடிவெடுத்து, பங்கு பிரித்து, முறை வைத்துத்தான் விடுகிறார்கள். இரவோடு இரவாக ஒருவர் இரண்டு மண்மூட்டையைப் போட்டு மறித்தால் கொழும்பில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. வாய்க்கால் கடைசியில் குத்தகைக்குச் செய்கிற அக்காவின் வயல்தான் கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் வெடித்துக் கிடக்கும், அரிவி வெட்டும்போது பாதி சப்பி, மணியில்லாத பதர்.

அதற்காக நல்ல மனசு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. முன்பு வயல் தண்ணீரைப் பங்கிட்டுப் பார்க்க வட்டவிதானை என்று ஊரில் ஒரு அதிகாரி இருந்தார், 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது. (அவர்களிலும் பெரிய காணிக்காரர் பக்கம் சாய்ந்தவர்கள் இருந்தார்கள், பொற்காலக் கதை வேண்டாம்.) இப்போது கமக்காரர் அமைப்பு, அதாவது விவசாயிகளின் சங்கம் இருக்கிறது. மூட்டை போட்டவர் யார் என்று ஊருக்கே தெரியும், தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சொல்வார்கள், கூட்டத்தில் எழும்பிச் சொல்லத்தான் ஆளில்லை. தனியாக ஒருவர் நேர்மையாக இருப்பதைவிட இந்த எழும்பிச் சொல்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் மேலே இருப்பவர்களைக் கேட்பதற்கும் இதே வாய்தான் வேண்டும். தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவு திருத்த வந்த காசுக்குக் கணக்குக் கேட்டுப் போய்ப் பாருங்கள், ஒப்பந்தக்காரர் முதலில் உங்கள் ஆட்களின் மண்மூட்டையைத்தான் காட்டுவார்.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழும்பினால், அப்புறம் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.