மலிவு மேக்புக் வருகிறதாமே, இந்தியாவில் என்ன விலை இருக்கும்? காத்திருக்கலாமா?

கேள்வி இதுதான்: ஐபோன் சிப் போட்ட சின்ன மேக்புக் ஒன்று வரப்போகிறது என்கிறார்களே, அதில் என்னென்ன இருக்கும், நம்ம ஊரில் என்ன விலைக்கு வரும், காலேஜ் போகிற தங்கைக்கு வாங்க அதுவரை பொறுக்கலாமா?

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 8 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ், 69,900 ரூபாய். கொஞ்சம் முறுக்கினால் 74,900. இதை எழுதுவது 2025 டிசம்பரில், ஆப்பிள் இன்னும் வாயே திறக்கவில்லை, அதனால் நாளைக்கு வேறு மாதிரி வந்தால் என்னைப் பிடித்து உலுக்காதீர்கள்.

கசிந்த தகவல் என்று பார்த்தால் உருப்படியாக இருப்பது கொஞ்சம்தான். ஆப்பிள் விஷயங்களை முன்கூட்டியே சொல்கிற ஆய்வாளர் மிங்-சி குவோ 2025 ஜூனில், 13 அங்குலத்தை ஒட்டிய திரை, ஏ18 ப்ரோ சிப், வெள்ளி, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்கள் என்று சொன்னார். நவம்பரில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், 1000 டாலருக்கு நன்றாகவே கீழே இருக்கும், 2026 முதல் பாதியில் வரும், மேக்புக் ஏரின் 13.6 அங்குலத்தைவிடத் திரை சற்றுச் சின்னது, அதுவும் சாதாரண எல்சிடிதான் என்று எழுதியது. மற்றதெல்லாம் இதைப் படித்தவர்கள் அவரவர் கையால் சேர்த்த மசாலா.

சரி, விலைக்கு வருவோம். அமெரிக்காவில் சொல்கிற விலையில் வரி கிடையாது, நம்ம விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கிறது. லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை, பலர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். ஆக, டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, மேலே 18 சதவீதம் போட்டால் ஒரு எண் வரும், அதற்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே கம்பெனியின் மனது புரிந்துவிடும். எம்1 சிப் போட்ட ஏர் 2020 நவம்பரில் வந்தபோது 999 டாலர், நமக்கு 92,900. கணக்குப்படி 88 ஆயிரம்தான் வரவேண்டும், ஐயாயிரம் மேலே வைத்தார்கள். எம்4 ஏர் 2025 மார்ச்சில் அதே 999 டாலர், நமக்கு 99,900. கணக்குப்படி ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கு மேல் போகும், ஆனால் லட்சத்தைத் தாண்டினால் வாங்குகிறவன் கை பின்னால் போகும் என்று தெரிந்து, நூறு ரூபாய் கீழே நிறுத்திவிட்டார்கள். 599 டாலர் ஐபோன் 16இ இங்கே 59,900, 349 டாலர் ஐபேட் 34,900. டாலருக்கு நூறு ரூபாய் என்று ஒரு பழக்கமே வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பழக்கம் இப்போது ஆட்டம் காண்கிறது. ஐபோன் 17 அங்கே 799 டாலர், இங்கே 82,900, நூறைத் தாண்டியாகிவிட்டது. இந்த மாதம் டாலரே 90 ரூபாயை ஒட்டி நிற்கிறது. 699 டாலர் என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 74 ஆயிரம், 599 என்றால் 63,600. இதனால்தான் மேலே இரண்டு எண் சொன்னேன்.

599-ஆ, 699-ஆ? ஆசை 599, கணிப்பு 699. காரணம், அந்த விலையை ஆப்பிள் ஏற்கெனவே ஆழம் பார்த்தாகிவிட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் வால்மார்ட் பழைய எம்1 ஏரை, 8 ஜிபி ரேம் மாடலை, 699-க்கு விற்க ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு மேல் பழைய சரக்கே அந்த விலைக்குப் போகும்போது புது மெஷினை அதைவிடக் குறைத்துத் தர என்ன அவசரம்? இன்னொன்று, மெமரி விலை. ஏஐ சர்வர்களுக்கே எல்லாம் போய்ச்சேருகிறது, மெமரி செய்கிற மைக்ரான் கம்பெனி இந்த மாதம்தான் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது. ரேம் விலை ஏறுகிற காலத்தில் மலிவு லேப்டாப் செய்கிறவன் முதலில் கைவைப்பது ரேமில்தான்.

நடுவில் ஒன்று. 'கசிந்த விலை' என்பதை எப்போதும் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன். 2010 ஜனவரியில் முதல் ஐபேட் வருமுன் எல்லாரும் ஆயிரம் டாலரை ஒட்டி வரும் என்று எழுதினார்கள். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அந்த 999-ஐப் பெரிசாகத் திரையில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் 499-க்கு இறக்கினார். கூட்டம் கைதட்டியது. அந்த 999 என்ற வதந்தி இல்லையென்றால் 499-க்கு அவ்வளவு கைதட்டல் விழுந்திருக்காது.

இப்போது ரேம். ஏன் 8 ஜிபி என்று அடித்துச் சொல்கிறேன் என்றால், ஏ18 ப்ரோ ஐபோன் 16 ப்ரோவில் வந்த சிப், அங்கே 8 ஜிபி மெமரி அந்தச் சிப்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அதையே எடுத்து வைப்பதுதான் மலிவு வழி. ஆப்பிள் 2024 அக்டோபரில் எல்லா மேக்கையும் 16 ஜிபியில் இருந்து தொடங்குகிற மாதிரி மாற்றியது, அதனால் இதிலும் 16 வரும் என்று சிலர் நம்புகிறார்கள். 16 கொடுத்துவிட்டால் ஏரை யார் வாங்குவார்கள்?

இந்த விஷயத்தில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது. 2017-இல் பையில் போட்டால் தெரியாத அளவுக்கு ஒரு 11 அங்குல விண்டோஸ் லேப்டாப், பதினைந்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே கிடைத்தது, பெயர் வேண்டாம். 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று வந்தது, இடம் போதவில்லை என்று நின்றது, போட்டோ எல்லாம் அழித்தேன், பென்டிரைவ் செருகினேன், அப்போதும் நின்றது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், ரேம் கூட்டி எஸ்எஸ்டி போட்டுத் தா என்றேன். பையன் பின்பக்கத்து ஸ்க்ரூவையெல்லாம் கழற்றி மூடியில் வரிசையாக வைத்தான், தகட்டை எடுத்தான். உள்ளே பாதி இடம் பேட்டரி, ஓரமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அவ்வளவுதான். "அண்ணே, இதுல ஸ்லாட்டே கிடையாதுண்ணே, எல்லாம் போர்டுலயே ஒட்டி வந்துடுது" என்றான். திரும்ப மூடித் தந்ததற்கு காசுகூட வாங்கவில்லை, அவனுக்கே பாவமாகிவிட்டது போல. மேக்புக்கிலும் இதே கதைதான், வாங்குகிற அன்று என்ன ரேமோ கடைசி வரை அதே ரேம். மேக் 8 ஜிபியைக் கொஞ்சம் சாமர்த்தியமாக ஓட்டும், உண்மை, ஆனால் ஐந்து வருஷத்துக்கு வாங்குகிற பொருளில் முதல் வருஷத்துச் சாமர்த்தியத்தை மட்டும் பார்க்க முடியாது.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கீக்பெஞ்ச் என்கிற வேகச் சோதனை எண்களில் ஏ18 ப்ரோ ஒற்றைக் கோரில் எம்1-ஐ நன்றாகவே முந்துகிறது, எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது கிட்டத்தட்ட எம்1 அளவு. கட்டுரை, ஸ்லைடு, பைத்தான், இருபது டேப், எல்லாம் ஓடும். ஐபோன் வகைச் சிப்பில் மேக் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு: 2020-இல் டெவலப்பர்களுக்கு ஆப்பிள் கொடுத்த மேக் மினியில் இருந்ததே ஐபேடின் ஏ12இசட்தான்.

வேறு எதை வெட்டுவார்கள்? தண்டர்போல்ட் என்கிற அதிவேக இணைப்பு இருக்காது என்று நினைக்கிறேன், அந்தச் சிப் ஐபோனில் யுஎஸ்பி 3 வேகத்தோடு நின்றுவிடுகிறது. வெளியே ஒரு மானிட்டர் போடலாம், இரண்டு சந்தேகம். கீபோர்டு விளக்கைக்கூடப் பிடுங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் எடை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக் வெறும் 920 கிராம், விசிறி கிடையாது, ஒரே ஒரு யுஎஸ்பி-சி, அதன் விலை 1299 டாலர். 2019-இல் நிறுத்தியும்விட்டார்கள். சின்னதாகச் செய்ய அங்கே காசு அதிகம் பிடித்தது. இப்போது வருவது மலிவாக இருப்பதற்காகச் செய்கிற மெஷின், அந்தப் பன்னிரண்டின் தம்பி என்று நினைத்து ஏமாறக்கூடாது.

தங்கை விஷயம். காலேஜ் ஜூன், ஜூலையில்தான் என்றால் ஏப்ரல் வரை பொறுங்கள், வந்தால் பார்க்கலாம். இப்போதே வேண்டும் என்றால் எம்4 ஏர் மாணவர் விலை 89,900, அதில் 16 ஜிபி இருக்கிறது. வரப்போகிற மலிவு மாடலுக்கும் இதற்கும் இடைவெளி இருபதாயிரத்துக்குள் வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏர்தான் வாங்குவேன். அந்த மலிவு மாடலில் 512 ஜிபி ஸ்டோரேஜ் கேட்டால் அதற்கே எவ்வளவு கூட்டுவார்களோ, எம்4 ஏரில் அந்த ஒரு படி ஏற இருபதாயிரம் வாங்குகிறார்கள். மாறாக 59,900-க்கு வந்து, மாணவர் தள்ளுபடியும் அதன் மேல் கிடைத்தால் கதையே வேறு, அப்போது இந்தப் பதிலைத் திருத்தி எழுதுகிறேன். அதுவரை தங்கையிடம் ஒன்று மட்டும் கேட்டுவையுங்கள், அவள் டிபார்ட்மென்டில் விண்டோஸில் மட்டுமே ஓடுகிற சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லித்தருகிறார்களா என்று. மெக்கானிக்கல், சிவில் என்றால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.