எல்லோரிடமும் செல்போன் இருக்கும்போது, குக்கிராமங்களுக்காக அரசு வானொலி நடத்துவது வீண் செலவில்லையா?

டவர் நன்றாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பெங்களூரில்தான் இருக்கிறேன், எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக் சாமான் கடையில் வேலை. ஆனால் என் அப்பா அம்மா இருப்பது வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்காட்டுப் பக்கம். அப்பாவுக்கு உப்பள வேலை. அதனால் "வீண் செலவு" என்று படித்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. முந்தின நாள் ராத்திரி, "பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்க தம்பி, கிளம்புறோம்" என்றார் அப்பா. அப்புறம் லைனே இல்லை. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் இல்லாவிட்டால் டவர் ஜெனரேட்டரில் ஓடும். டீசல் கொண்டுபோகும் ரோடு முழுக்கத் தென்னையும் புளியமரமும் விழுந்து கிடந்தால் அதுவும் நின்றுவிடும். கையில் போன் இருந்து என்ன செய்ய?

தஞ்சாவூர் வரை பஸ், அதற்குமேல் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பேட்டரிக் கட்டை போட்ட பழைய டிரான்சிஸ்டர், சுற்றிலும் முப்பது நாற்பது பேர். ஓடியது திருச்சி வானொலி. எந்த ஊரில் முகாம், குடிநீர் லாரி எங்கே வருகிறது, விழுந்த மரத்துக்குக் கணக்கெடுப்பு எப்போது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெங்களூரில் நாள் முழுக்க டிவி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதில் பாதி தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரு வதந்தி. இன்னொரு புயல் வருகிறது, கடல் மறுபடி உள்ளே ஏறப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் கிளம்பத் தொடங்கியது. "செய்தி வரட்டும், கேட்டுட்டுப் போங்க" என்று அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். வானிலை அறிக்கையில் தாழ்வுப் பகுதி, பலத்த மழை என்றார்கள். புயல் என்று சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்த இருட்டில், உடைந்த ரோட்டில் அத்தனை பேரும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

இது எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் தொழில் அது. திருச்சி நிலையத்தின் மத்திய அலை (செட்டில் எம்.டபிள்யூ. என்று போட்டிருப்பது) 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். மத்திய அலை தரையை ஒட்டியே போகும், உப்பு ஈரமுள்ள சமவெளி என்றால் இன்னும் நன்றாகப் போகும். திருச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நின்றால் போதும், நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி எங்கள் ஊரில் ஒரு மின்கம்பம்கூட நிற்காவிட்டாலும் கேட்கும். எஃப்.எம். அப்படியில்லை, கிட்டத்தட்ட கண்ணுக்கெட்டும் தூரம்தான். தனியார் எஃப்.எம். போதாதா என்று கேட்பீர்கள். அது அலைவரிசையை ஏலத்தில் எடுத்து விளம்பரத்தில் நடப்பது, உப்பளத்துக்காரனுக்காக யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

அரசு வானொலி அரசின் ஊதுகுழல்தானே என்று சிலர் வருவார்கள். செய்தியில் அந்தக் குறை உண்டு, நான் மறுக்கவில்லை. என் வீட்டில் யாரும் ஆகாசவாணியில் வேலை பார்க்கவும் இல்லை. ஆனால் 1960களில் இதே திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டு ஆடுதுறை 27 நெல்லைப் போட்டார்கள், தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தார்கள். நம்பாமலா வைத்தார்கள்?

    

ஆப்பில் கேட்கலாமே என்பவர்களுக்கு: ஆப்புக்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு டவர் வேண்டும். இப்போது நிறைய போன்களில் எஃப்.எம். வசதியையே எடுத்துவிட்டார்கள். அதை முடக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. நாடு முழுக்க மத்திய அலைக் கோபுரங்களை ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள், எனக்குப் பயம் அதுதான். பெங்களூருக்கு மேற்கே உள்ள மாகடிப் பக்கத்து விவசாயிகள் இன்றைக்கும் எங்கள் கடைக்கு வந்து, பெங்களூர் வானொலியின் மத்திய அலை 612 எடுக்கிற செட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

கடலோரத்திலோ மலையிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு செட் வாங்கிக் கொடுங்கள். எம்.டபிள்யூ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எஃப்.எம். மட்டும் உள்ளது வேண்டாம். சார்ஜ் போடுகிற செட்டும் வேண்டாம், பேட்டரிக் கட்டை போடுகிறதாகப் பாருங்கள். செட்டைப் பயன்படுத்தாத நாட்களில் கட்டையைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள், உள்ளேயே இருந்தால் கசிந்து செட் கெட்டுவிடும்.