பல மொழிக்காரர்கள் நடுவே பேசுவது: டாண்டினாங்கிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்னுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், டாண்டினாங் பக்கம் ஒரு சமூக நல மையத்தில் சர்க்கரை நோய் வகுப்பு நடத்தும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் வகுப்புக்கு ஆப்கானியர், வியட்நாமியர், தெற்கு சூடானியர், இலங்கைத் தமிழர் என்று பதினாறு பேர் வந்து, எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சந்தேகம் ஏதாவது உண்டா" என்று நீங்கள் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்காமல் எழுந்து போக, அடுத்த வாரம் ஐந்து பேர் மட்டுமே வந்திருக்கிறார்கள். "என் ஆங்கிலம்தான் குறையா அக்கா? நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. இதே வட்டாரத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறேன். நீங்கள் பார்த்த அந்தத் தலையாட்டலை நானும் பார்த்திருக்கிறேன். அது புரிந்ததற்கு அடையாளம் என்று நம்பி ஏமாந்தும் இருக்கிறேன். உங்கள் ஊரில் வயதானவர்களிடம் மருத்துவர் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று வரும் பதிலை நினைத்துப் பாருங்கள். புரிந்தது என்றோ, செய்கிறேன் என்றோ அதற்குப் பொருளில்லை. உங்கள் சொல்லுக்கு மரியாதை தருகிறேன் என்பதுதான் பொருள். வியட்நாமியர்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் சொல்லும் "யா" என்பதும் ஏறக்குறைய இதே சொல்தான். பெரியவர்களுக்கும் மருத்துவருக்கும் பணிவு காட்டுகிற ஒலி அது; அதை ஆங்கிலத்தின் சம்மதச் சொல்லாக எடுத்துக்கொண்டு மருந்து அளவை எழுதிவிட்டுப் போன செவிலியர்களை நான் அறிவேன். நம்மைப் போலவே வியட்நாமியர்களும் ஆசிரியர் முன்னால் "புரியவில்லை" என்று சொல்வதை ஆசிரியருக்கு இழுக்காகக் கருதி வளர்ந்தவர்கள். ஆகவே "சந்தேகம் உண்டா" என்ற கேள்வியை இனிக் கேட்காதீர்கள். "இன்று நான் சொன்னதை வீட்டில் உங்கள் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள்? நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். தேர்வு எழுதுவது நீங்கள்தான், அவர்கள் அல்ல என்பது அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும். கூச்சம் விலகிப் பேசத் தொடங்குவார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர். நீங்கள் ஒருவரையும் ஏற்பாடு செய்யவில்லை என்று நினைக்கிறேன். "எல்லோருக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும்" என்று மையத்தில் சொல்லியிருப்பார்கள். கடையில் பால் வாங்கும் ஆங்கிலமும் கணையத்தைப் பற்றிக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆங்கிலமும் வேறு வேறு. இந்த நாட்டில் 1973 முதல் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. 131 450 என்ற எண்ணில் இரவு பகலாகக் கிடைக்கும். உங்கள் மையத்துக்கு அதில் ஒரு கணக்கு எண் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழு வகுப்புக்கு நேரில் வருபவரை முன்கூட்டியே பதிவு செய்வது இன்னும் நல்லது. ஆனால் எந்த மொழி என்பதை ஊகித்து எழுதிவிடாதீர்கள். இதை என் பிழையிலிருந்தே சொல்கிறேன். வேலைக்கு வந்த முதல் ஆண்டில், பதிவுத்தாளில் "ஆப்கானிஸ்தான்" என்று இருந்ததைப் பார்த்து, ஒரு பெண்கள் குழுவுக்குப் பஷ்தோ மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டேன். வந்திருந்தவர்கள் ஹசாரா இனப் பெண்கள். அவர்கள் பேசுவது பாரசீகத்தோடு உறவுடைய ஹசாரகி. தாலிபான் ஆட்சியில் உறவினர்களைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், அவர்களுடைய நினைவில் அந்த ஆட்சி பேசிய மொழி பஷ்தோ. வந்த மொழிபெயர்ப்பாளர் மிக நல்ல மனிதர், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காரணத்தை ஆறு மாதம் கழித்து ஒருவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்றும் ஆறவில்லை. பிறந்த நாட்டைக் கேட்பதால் மட்டும் மொழி தெரியாது. "வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா, யார் வந்தால் உங்களுக்கு வசதி" என்று அவரவரிடமே கேட்க வேண்டும். தெற்கு சூடானியர் எல்லோரும் அரபு பேசுவார்கள் என்று எண்ணுவதும் இதே வகைப் பிழைதான். டிங்கா, நுவேர் பேசுபவர்களும் உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு அவரைப் பார்த்துப் பேசாதீர்கள். "இவருக்கு இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று அவரிடம் சொல்வது, எதிரில் இருப்பவரை அறையில் இல்லாதவர் ஆக்கிவிடும். நோயாளியின் முகத்தைப் பார்த்து "நீங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு சிறு வாக்கியங்களுக்கு ஒரு முறை நிறுத்துங்கள். வகுப்பு நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். கூட வந்த மகனையோ பேத்தியையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வாய்வழியாகத் தன் சிறுநீர்ச் சிக்கலைச் சொல்ல எந்தத் தாத்தாவுக்கும் மனம் வராது.

அச்சிட்ட தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இங்கே பல அலுவலகங்களில் உண்டு. உங்கள் குழுவில் உள்ள வயதான ஹசாரா பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் போக வாய்த்திருக்காது. டிங்கா பேசுபவர்களில் பலர் அந்த மொழியை எழுத்தில் படித்துப் பழகியதில்லை. அவர்களுக்குக் குரல்தான் வேண்டும். ஆஸ்திரேலியா இதை ஒரு காலத்தில் நன்றாகவே உணர்ந்திருந்தது. 1975 ஜூலையில் மெடிபேங்க் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, அதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு அவரவர் மொழியில் விளக்கத்தான் அதற்கு முந்தைய மாதம் சிட்னியிலும் மெல்பர்னிலும் இரண்டு வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவைதான் வளர்ந்து இன்றைய எஸ்.பி.எஸ். என்ற பன்மொழி ஒலிபரப்பு நிறுவனம் ஆகின, நாம் கேட்கும் தமிழ் ஒலிபரப்பும் அதன் வழி வந்ததுதான். அந்த நிலையங்கள் பிறந்ததே ஒரு மருத்துவச் செய்தியை எல்லோர் காதிலும் சேர்ப்பதற்காக என்பதை நினைக்கும்போதெல்லாம் நம் வேலையின் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அதே மெல்பர்னில் அந்தப் பாடம் மறக்கப்பட்டதையும் பார்த்தோம். 2020 ஜூலை 4 அன்று, பிளமிங்டனிலும் வடக்கு மெல்பர்னிலும் உள்ள ஒன்பது அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகள், கொரோனா பரவலைத் தடுப்பதற்காக, அறிவித்த கையோடு பூட்டப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். போரையும் அகதி முகாமையும் கடந்து வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கண்ணில் முதலில் பட்டது வாசலில் நின்ற காவலர்கள். ஏன், எத்தனை நாள் என்று அவர்களுடைய மொழியில் சொல்ல உடனே ஆள் வரவில்லை. அங்கேயே வளர்ந்த இளைஞர்கள் பலர், தாங்களே செய்திகளைத் தங்கள் மொழிகளில் மாற்றி அண்டை வீடுகளுக்குத் தெரிவித்தார்கள். அவ்வாறு உடனடியாகப் பூட்டியது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணாகவே தெரிகிறது என்று விக்டோரியா மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை தந்தார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து இங்கே வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்த நிகழ்வைச் சொல்லிவருகிறேன். ஏனென்றால் நல்ல நோக்கம் இருந்தும், பேசும் முறை தவறினால் உதவியே அச்சுறுத்தலாகத் தெரியும்.

இப்போது உங்கள் வகுப்புக்கே வருகிறேன். நீங்கள் காட்டிய உணவுத் தாளில் "காலையில் ரொட்டி இரண்டு துண்டு" என்று இருந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹசாரா மூதாட்டிக்கு எங்கள் கையிலிருந்த தாளைக் கொடுத்திருந்தோம். மூன்று மாதம் சொன்னபடியே சாப்பிட்டார், சர்க்கரை இறங்கவில்லை. அவர் மறைத்துச் சாப்பிடுகிறார் என்று எங்களில் சிலர் ஐயப்பட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாக "ஒரு துண்டு என்றால் எவ்வளவு, கையால் காட்டுங்கள்" என்று கேட்டேன். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீட்டிக் காட்டி, பிறகு நடுவில் பிய்ப்பதுபோல் இரு கைகளையும் திருப்பினார். தாமஸ் தெருவின் ஆப்கன் பஜாரில் தந்தூரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்களே, அந்த நீள நான் ரொட்டியில் பாதி, அதுதான் அவருக்கு ஒரு துண்டு. எங்கள் தாளை எழுதியவருக்கோ ரொட்டி என்றால் பெட்டியில் வரும் சதுர ரொட்டிதான். அந்த மூதாட்டி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அவருடைய அடுப்படியைப் பார்க்காமல் எழுதினோம். அன்றிலிருந்து அச்சிட்ட அளவுகளை விட்டுவிட்டு, அவரவர் வீட்டுத் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துவரச் சொல்லி, அதில் அரிசியைக் கொட்டி அளந்து காட்டுகிறேன்.

எண்களும் அப்படித்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் சர்க்கரை அளவை 126, 180 என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே அளக்கும் அலகு வேறு என்பதால் அதே அளவுகள் 7, 10 என்று வரும். பதினெட்டால் வகுத்தால் கணக்கு சரியாகும். ஊரில் 180 என்றால் பதறிய ஒருவர், இங்கே "பத்து" என்றதும் நிம்மதியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

தமிழர்களிடம் பேசும்போது மொழிச் சிக்கல் இருக்காது என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்து அம்மா "எனக்கு மூன்று வருஷமாக வருத்தம்" என்று சொன்னால், அவர் துயரத்தைச் சொல்லவில்லை, நோயைச் சொல்கிறார். நாம் சர்க்கரை வியாதி என்பதை அவர் சீனி வருத்தம் என்றோ சலரோகம் என்றோ சொல்வார். மருத்துவமனை அவருக்கு ஆஸ்பத்திரி அல்லது வைத்தியசாலை. அவர் சொல்லை நீங்கள் எடுத்துப் பேசினால் போதும், அவரைத் திருத்த வேண்டியதில்லை. நம் ஒரு மொழிக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கிறது என்பதை உணர்ந்தால், மற்றவர்களிடம் இன்னும் எவ்வளவு கேட்டறிய வேண்டும் என்பது விளங்கும்.

பண்டிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சந்திரப் புத்தாண்டுக்கு உங்கள் வியட்நாமியர்களிடம் "சீனப் புத்தாண்டு வாழ்த்து" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அது டெட். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருவதால் நாட்காட்டியில் குறித்துவைத்து, நோன்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே மாத்திரை, இன்சுலின் நேரங்களைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். "நோன்பு வைக்காதீர்கள்" என்று தொடங்கினால் அவர்கள் உங்களிடம் சொல்லாமல் வைப்பார்கள். "நோன்பு வைக்கும் எண்ணம் இருக்கிறதா, பாதுகாப்பாக வைக்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்போம்" என்று தொடங்கினால் உண்மையைச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வகுப்பு வைத்தால் தொழுகைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் பயப்படும் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, சொற்றொடர் வழக்குகளை மட்டும் விலக்கினால் போதும். இங்கே விருந்துக்கு "ஒரு தட்டுக் கொண்டுவாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், சமைத்த உணவோடு வரவேண்டும் என்று பொருள். வெறும் தட்டோடு போய் நின்ற புதியவர்கள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்த வழக்கு அவர்களுக்கு எப்படிப் புதிரோ, நம் ஊர் அலுவலக ஆங்கிலமும் அப்படியே புதிர்.

அடுத்த வகுப்பு வரும் வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் இருக்கும் நாட்களில் புதிய படங்கள் தயாரிப்பதை விட்டுவிட்டு, வராமல் போன பதினொரு பேரையும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழையுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், அது விசாரணைபோல் ஒலிக்கும். அவர்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முதலில் கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, "நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சமையல்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வகுப்பை அந்தச் சமையலிலிருந்து தொடங்குங்கள். அன்று என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா